விக்ரம் விழுந்தது ஏன், மீண்டும் இறங்கியது எப்படி? - தோல்வியைப் 'படிப்பது' பற்றி இஸ்ரோவிடம் கொஞ்சம் கேட்போம்

2019 செப்டம்பர் 7. அதிகாலை 2 மணி நெருங்கிக்கொண்டிருந்தது. பெங்களூரு இஸ்ரோ மையத்தின் பெரிய திரையில், திட்டமிட்ட பாதையைக் காட்டும் கோட்டின் மீதே ஒரு புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. நிலவின் தரையைத் தொட இன்னும் 2 கி.மீ. சொச்சம்தான் பாக்கி. திடீரெனப் புள்ளி கோட்டைவிட்டு விலகியது. பிறகு அசையவே இல்லை.

அன்று காலை, பிரதமரின் தோளில் சாய்ந்து அழுத இஸ்ரோ தலைவர் கே.சிவனின் வீடியோவை நம்மில் பலர் மொபைலில் பார்த்திருப்போம். நாகர்கோவில் பக்கம் சரக்கல்விளையில் விவசாயி மகனாகப் பிறந்து, அந்த நாற்காலிவரை வந்தவர். நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது தோற்பது எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு, அதே பெயர் கொண்ட இன்னொரு விக்ரம் நிலவின் தென் துருவப் பகுதியில் அலுங்காமல் இறங்கியது. உடனே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் 'தோல்வியே வெற்றியின் முதல் படி' மயம்.

நல்ல வாசகம்தான். ஆனால் பாதி உண்மை. தோல்வி தானாகப் படியாக மாறிவிடாது. மாறியிருந்தால், ஒரே இன்டர்வியூவில் ஒரே கேள்விக்கு மூன்றாவது தடவையும் தடுமாறுகிறவர்கள் இருக்கவே மாட்டார்கள். அந்த நான்கு ஆண்டுகளில் நடுவில் என்னதான் நடந்தது? விஷயம் அங்கேதான் இருக்கிறது.

முதலில், என்ன உடைந்தது?

சந்திரயான்-2 லேண்டர் ஏன் விழுந்தது என்பதற்கு 2019 நவம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு எழுத்துபூர்வமாகப் பதில் தந்தது. 30 கி.மீ. உயரத்தில் இருந்து 7.4 கி.மீ. வரை எல்லாம் திட்டப்படியே நடந்தது. விநாடிக்கு 1,683 மீட்டராக இருந்த வேகம் 146 மீட்டராகக் குறைந்தது. அடுத்த கட்டத்தில், வேகம் எவ்வளவு குறைய வேண்டுமோ அதைவிட அதிகமாகக் குறைந்துவிட்டது. அதனால் அதற்கடுத்த கட்டம் தொடங்கும்போது, வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்த வரம்புக்கு வெளியே விக்ரம் போய்விட்டது. இறங்க வேண்டிய இடத்தில் இருந்து 500 மீட்டருக்குள்ளேயே போய் மோதியது.

கவனியுங்கள். வேகம் குறையாததால் அல்ல, கூடுதலாகக் குறைந்ததில்தான் சிக்கலே தொடங்கியது. பிரேக் பிடிக்காத கதை இல்லை இது. பிரேக் கொஞ்சம் நன்றாகவே பிடித்துவிட்ட கதை.

சிவனுக்குப் பிறகு தலைவராக வந்த எஸ்.சோமநாத், 2023-ல் இதை இன்னும் விளக்கமாகச் சொன்னார். ஐந்து இன்ஜின்களும் எதிர்பார்த்ததைவிட அதிக உந்துவிசையைத் தந்தன. ஆனால் அந்த நேரத்தில் இறங்குமிடத்தைப் படம் எடுப்பதற்காக, லேண்டர் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும் என்பது புரோகிராம். ஆகவே பிழை தெரிந்தும் உடனே திருத்த வழியில்லை. சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. கடைசியில் மொத்தமாகத் திருத்தப் பார்த்தபோது மிக வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. மென்பொருளோ 'இவ்வளவு வேகத்தில்தான் திரும்பலாம்' என்று கட்டிப்போட்டிருந்தது. இத்தனைக்கும் மேல், இறங்க ஒதுக்கிய இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் போயே ஆக வேண்டும் என்று அது வேகத்தையும் கூட்டிக்கொண்டது.

அலுவலகத்தில் ஒரு புராஜெக்ட் சொதப்பிய கதையை யாராவது சொல்லச் சொல்லுங்கள். ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். முதல் வாரத்திலேயே சின்ன விலகல் தெரியும். 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று விடுவோம். கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் சரிசெய்ய முயல்வோம். டெட்லைனும் நகராது.

'ஜெயிப்போம்' என்று நம்பி வரைந்த படம்

சந்திரயான்-3 பற்றிப் பேசும்போது சோமநாத் பயன்படுத்திய ஒரு சொல் பிரபலமானது: 'ஃபெயிலியர் பேஸ்டு டிசைன்'. சந்திரயான்-2-ஐ, எல்லாம் சரியாக நடந்தால் எப்படி வெற்றி பெறும் என்ற கோணத்தில் வடிவமைத்தார்கள். சந்திரயான்-3-ல் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்: எதெல்லாம் பழுதாகலாம்? பழுதானாலும் எப்படி இறக்குவது?

அந்தக் கேள்விக்கு வந்த பதில்கள் எல்லாம் கையால் தொட்டுப் பார்க்கக்கூடியவை. இறங்குமிடம் 4 கி.மீ.க்கு 2.5 கி.மீ. என்று விரிந்தது. நடுவில் இருந்த ஐந்தாவது இன்ஜினை எடுத்துவிட்டார்கள். எரிபொருள் கூடியது. கால்கள் வலுவாயின, விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தரையில் பட்டாலும் தாங்கும். வேகத்தை நேரடியாக அளக்க லேசர் கருவி ஒன்று புதிதாக வந்தது. எந்தப் பக்கம் திரும்பி இறங்கினாலும் மின்சாரம் கிடைக்கும்படி சூரியத் தகடுகள் கூடின. மென்பொருளில் திருத்த அனுமதிக்கும் வரம்பு அகலமானது.

பிறகு டெஸ்டிங். சென்சார்களை ஹெலிகாப்டரில் கட்டிப் பறக்கவிட்டார்கள். இன்ஜின்களை எரியவிட்டு, உயரமான கிரேனில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். நிலவு மண்ணைப் போன்ற மண் பரப்பி அதில் கால்களை இறக்கிப் பார்த்தார்கள். (அந்த வகை மண்ணுக்கான அனார்த்தசைட் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி பகுதியில் கிடைக்கிறது. சந்திரயான்-2 சோதனைகளுக்கே அங்கிருந்துதான் எடுத்துப் போனார்கள்.) எல்லாம் முடிந்த பிறகு, சென்சார்கள் அத்தனையும் செயலிழந்தாலும், இரண்டு இன்ஜின்கள் நின்றாலும்கூட விக்ரம் இறங்கிவிடும் என்று சோமநாத்தால் இறங்கும் நாளுக்கு முன்பே சொல்ல முடிந்தது.

இந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் விழுப்புரத்தைச் சேர்ந்த ப.வீரமுத்துவேல். அப்பா ரயில்வேயில் டெக்னீஷியன். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்து, பிறகு பொறியியல், பிறகு சென்னை ஐஐடியில் ஆராய்ச்சிப் பட்டம்.

இன்னொன்றும் பலர் மறந்துவிட்டது. சந்திரயான்-2 முழுத் தோல்வி இல்லை. லேண்டர்தான் போனது, ஆர்பிட்டர் நிலவைச் சுற்றிக்கொண்டே இருந்தது. அதன் கேமரா எடுத்த துல்லியமான படங்களை வைத்துத்தான் அடுத்த லேண்டருக்கு இடம் பார்த்தார்கள். புதிய விக்ரம் வந்தபோது, 'வாங்க நண்பா' என்கிற பாணியில் அதை வரவேற்றதும் இதே ஆர்பிட்டர்தான். ஒரு வேலை போய்விட்டால் 'எல்லாம் போச்சு' என்று சொல்வோமே, அந்த 'எல்லாம்' என்ற சொல்லை ஒரு நிமிடம் நிறுத்திப் பார்க்கலாம். போனது எது, இன்னும் சுற்றிக்கொண்டிருப்பது எது?

யார் மைக் முன்னால் நின்றது?

இஸ்ரோவின் இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். 1979 ஆகஸ்ட் 10-ல் எஸ்எல்வி-3 ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கிளம்பி, ஐந்து நிமிடம் சொச்சத்தில் வங்கக் கடலில் விழுந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு சிக்கி, நைட்ரிக் அமிலம் கசிந்ததுதான் காரணம். திட்ட இயக்குநர் ஏ.பி.ஜே.அப்துல் கலாம்.

கலாம் பின்னாளில் மேடைக்கு மேடை சொன்ன கதை இது. கவுன்ட்டவுன் முடியப்போகும் நேரத்தில் கம்ப்யூட்டர் 'நிறுத்து' என்றது. அருகில் இருந்த நிபுணர்கள் கணக்குப் போட்டு, இருப்பு போதும், போகலாம் என்றார்கள். கலாம் கம்ப்யூட்டரை ஒதுக்கிவிட்டு ஏவச் சொன்னார். ராக்கெட் விழுந்தது. அதாவது இது அவர் எடுத்த முடிவு; நழுவ இடமே இல்லை. ஆனால் பத்திரிகையாளர்கள் முன் போய் உட்கார்ந்தது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். 'இன்று தோற்றோம், என் குழு மீது நம்பிக்கை இருக்கிறது' என்ற பொருளில் பேசி, பழியைத் தன் தலையில் வாங்கிக்கொண்டார். 1980 ஜூலை 18-ல் அதே ராக்கெட் 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. அன்றைக்கு தவன் கலாமைக் கூப்பிட்டு, 'பிரஸ்மீட்டை நீங்கள் நடத்துங்கள்' என்றார்.

இந்தக் கதையை நல்ல பாஸ் எப்படி இருக்க வேண்டும் என்பதற்காகவே எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் தவன் வெளியே குடை பிடித்த அதே நேரத்தில், உள்ளே விசாரணையில் யாருக்கும் சலுகை இல்லை. வால்வு ஏன் சிக்கியது, எந்த நிமிடத்தில் கசிந்தது, யார் எதைப் பார்க்கத் தவறினார்கள் என்று அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார்கள். திட்டு விழாது என்று தெரிந்தால்தான் ஒருவர் 'அந்த எண்ணை நான்தான் சரியாகப் பார்க்கவில்லை' என்று வாயைத் திறப்பார். நம் ஆபீஸ்களில் பெரும்பாலும் இது தலைகீழ். வெளியே காட்டிக்கொடுப்பார்கள், உள்ளே மூடி மறைப்பார்கள்.

அதற்கடுத்த ஏஎஸ்எல்வி ராக்கெட்டுக்கு இன்னும் மோசமான காலம். 1987 மார்ச்சில் தோல்வி. பக்கவாட்டு மோட்டார்கள் எரிந்து முடிந்ததும் முதல் கட்டம் பற்றிக்கொள்ளவே இல்லை. 1988 ஜூலையில் மறுபடி தோல்வி. இந்தத் தடவை பற்றிக்கொண்டது. காற்றழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடத்தில் கட்டுப்பாடு போதாமல் ராக்கெட் சிதைந்தது. ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு தோல்விகள், இரண்டுக்கும் வேறு வேறு காரணங்கள். வெளியே இருந்து பார்த்தால் 'இவங்களுக்கு இது வராது' என்றுதான் தோன்றும். உள்ளே இருந்தவர்களுக்கு, போன தடவை கிழிந்த இடம் இந்தத் தடவை கிழியவில்லை என்பது தெரியும். 1994-ல் அந்த ராக்கெட் முழு வெற்றி கண்டது. 1993 செப்டம்பரில் முதல் பயணத்திலேயே மென்பொருள் பிழையால் கவிழ்ந்த பிஎஸ்எல்வி, பிறகு சந்திரயான்-1-ஐயும் மங்கள்யானையும் சுமந்தது. 2017-ல் ஒரே பயணத்தில் 104 செயற்கைக்கோள்களை ஏவியது.

ஒரு தடவை தோற்றுக் கற்றுக்கொண்டால் பிறகு தோல்வியே வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அதே பிஎஸ்எல்வி 2025 மே 18-ல் மூன்றாம் கட்டத்தில் அழுத்தம் குறைந்து, இஓஎஸ்-09 செயற்கைக்கோளை இழந்தது.

ராக்கெட்டுக்குச் சரி, மனிதருக்கு?

சரி, நம்ம கதைக்கு வருவோம். அப்ரைசலில் ரேட்டிங் குறைந்துவிட்டது. தொடங்கிய கடை எட்டு மாதத்தில் ஷட்டர் இறக்கியது. குரூப்-1 மெயின்ஸில் சில மார்க்கில் போய்விட்டது. இதில் இருந்து கற்றுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். ஏன் அது அவ்வளவு சுலபமாக வருவதில்லை?

சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன் எஸ்க்ரைஸ்-விங்க்ளர், ஐலெட் ஃபிஷ்பாக் என்ற இரு ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு பதில் தருகிறது. சிலரிடம் இரண்டே விடைகள் கொண்ட கேள்விகளைக் கேட்டார்கள். ஒரு பிரிவினருக்கு 'நீங்கள் சொன்னது சரி' என்றார்கள். இன்னொரு பிரிவினருக்கு 'தப்பு' என்றார்கள். இரண்டே விடைகள் என்பதால் 'தப்பு' என்ற சொல்லிலேயே சரியான விடையும் அடங்கியிருக்கிறது. ஆனாலும் பிறகு அதையே மாற்றிக் கேட்டபோது, 'தப்பு' என்று கேட்டவர்கள் குறைவாகவே கற்றிருந்தார்கள். அடி மனதில் பட்டதும் காது மூடிக்கொள்கிறது.

இதைவிட சுவாரஸ்யம் அடுத்தது. இன்னொருவர் தோற்பதைப் பார்த்தவர்கள், இன்னொருவர் ஜெயிப்பதைப் பார்த்தவர்களுக்குச் சமமாகவே கற்றுக்கொண்டார்கள். அடுத்த வீட்டுத் தோல்வியில் நாம் புத்திசாலிகள்தான். சொந்தத் தோல்வி என்றால்தான் மூளை ஜன்னலைச் சாத்திவிடுகிறது.

இஸ்ரோவின் தோல்வி ஆய்வுக் குழுக்கள் செய்வதை இந்தக் கண்ணாடி வழியே பார்த்தால் புரியும். விழுந்த ராக்கெட்டை மேசைமேல் வைத்து, அது யாரோ செய்தது போலத் தள்ளி நின்று பார்க்கிறார்கள். 'நான் லாயக்கில்லை' என்று ஒரு குழு அறிக்கை எழுதாது. 'இந்த நிமிடத்தில், இந்த அளவு, இதைவிட அதிகம்' என்றுதான் எழுதும். தனிமனிதரும் இதைச் செய்யலாம், செலவில்லை. இன்டர்வியூ முடிந்த அன்றைக்கே அல்ல (அன்றைக்கு அழுகை வந்தால் அழலாம், சிவனே அழுதார்), இரண்டு மூன்று நாள் கழித்து, நண்பனுக்கு நடந்ததை எழுதுவதுபோல 'அவன்', 'அவள்' என்று எழுதிப் பார்க்கலாம். எதுவரை திட்டப்படி நடந்தது, முதல் விலகல் எங்கே தெரிந்தது என்ற இரண்டு கேள்விகளே போதும். 'எனக்கு இங்கிலீஷ் வராது' என்று தொடங்குபவர், எழுதி முடிக்கும்போது '20 நிமிடம்வரை நன்றாகத்தான் போனது, சம்பளம் பற்றிக் கேட்டபோதுதான் உளறினேன்' என்ற இடத்துக்கு வரக்கூடும். இங்கிலீஷை மூன்று ஆண்டில் மாற்ற முடியுமோ என்னவோ. சம்பளக் கேள்விக்கு மூன்று நாளில் தயாராகிவிடலாம்.

தோற்பதற்கு முன்பே இதைச் செய்கிற வழியும் உண்டு. உளவியலாளர் கேரி க்ளைன் 2007-ல் எழுதி இதைப் பிரபலமாக்கினார். வேலையைத் தொடங்கும் முன் குழுவை உட்காரவைத்து, 'ஆறு மாதம் கழித்து இது படுதோல்வி அடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏன்?' என்று கேட்பது. நம் வீடுகளில் இதற்கு 'அபசகுனமாப் பேசாதே' என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். ஆனால் விக்ரமை இறக்கியது அந்த அபசகுனப் பேச்சுதான்.

எல்லோருக்கும் இரண்டாவது ராக்கெட் கிடைக்குமா?

தோல்வியைக் கொண்டாடுங்கள் என்று மேடையில் பேசுபவர்கள் தொடாத இடம் இது. சந்திரயான்-3-க்கு சுமார் 615 கோடி ரூபாய் ஆனது. முதல் லேண்டர் நொறுங்கிய பிறகும் அந்தப் பணத்தை ஒதுக்க ஓர் அரசு இருந்தது. கல்விக் கடனுக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டு, தங்கையின் படிப்புச் செலவையும் பார்க்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? அவரிடம் போய் 'ரிஸ்க் எடு, தோற்றால் பாடம்' என்பது, சொல்பவருக்குச் சுலபம்.

2019-ல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வும் இதைத்தான் இரு பக்கமாகக் காட்டியது. அமெரிக்காவில் ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பித்த இளம் விஞ்ஞானிகளில், மயிரிழையில் நிதி கிடைத்தவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் எடுத்து, பத்து ஆண்டு வாழ்க்கையை ஒப்பிட்டார்கள். தவறவிட்டும் களத்தில் நின்றவர்கள், பிற்பாடு அதிகம் பேசப்பட்ட கட்டுரைகளை எழுதுவதில் ஜெயித்தவர்களையே முந்தினார்கள். உற்சாகமான செய்தி. ஆனால் அதே தோல்வி, பத்து சதவீதத்துக்கும் மேலானவர்களை அந்த நிதி அமைப்பில் இருந்தே நிரந்தரமாகக் காணாமல் போகச் செய்தது. மேடையில் கதை சொல்ல வருபவர்கள் நின்றவர்கள் மட்டும்தான். போனவர்களுக்கு யார் மைக் தருவார்கள்?

அதனால் 'விடாதே, இன்னொரு தடவை' என்பதும் எப்போதும் சரியான பதில் இல்லை. சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் பொதுப் பிரிவினருக்கு ஆறு வாய்ப்புகள். ஆறாவது வாய்ப்பையும் முதல் வாய்ப்பைப் போலவே எழுதுகிறவர் விடாமுயற்சி செய்யவில்லை, திரும்பச் செய்கிறார், அவ்வளவுதான். எதை மாற்றினேன் என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் இன்னொரு தடவை. பதில் இல்லையென்றால் பாதையை மாற்றுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கலாமே விமானப்படை பைலட் ஆகத்தான் ஆசைப்பட்டார். டேராடூன் தேர்வில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்தது எட்டுப் பேரை. அவர் மறுபடி டேராடூனுக்கு வண்டி ஏறவில்லை. டெல்லிக்குப் போய்ப் பாதுகாப்புத் துறையில் கிடைத்த விஞ்ஞானி வேலையில் சேர்ந்தார்.

பெற்றோருக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. ரிசல்ட் வந்த அன்று சொந்தக்காரர்களின் போனை யார் எடுப்பது? தவன் போல அந்த ஒரு நாள் மட்டும் அப்பாவோ அம்மாவோ மைக் முன்னால் நின்றால் போதும். 'என்ன ஆச்சுன்னு நாங்க பாத்துக்கறோம்' என்று சொல்லி போனை வைத்துவிடலாம். பிள்ளையிடம் பேச வேண்டியதை இரண்டு நாள் கழித்துப் பேசலாம்.

விழுந்த முதல் விக்ரம் எங்கே கிடக்கிறது என்பதுகூட உடனே தெரியவில்லை. நாசா இணையத்தில் வெளியிட்ட நிலவுப் படங்களைச் சென்னையைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, உடைந்த துண்டு ஒன்றை அடையாளம் காட்டினார். 2019 டிசம்பரில் நாசா அதை உறுதி செய்து அவருக்கு நன்றி சொன்னது.

இரண்டாவது விக்ரமில், போன தடவை போலத் தடுமாறினால் உதவட்டும் என்று கூடுதலாக ஏற்றிய எரிபொருளில் கொஞ்சம் மிஞ்சிவிட்டது. 2023 செப்டம்பர் 3-ல், அதாவது இறங்கிப் பதினோரு நாள் கழித்து, விஞ்ஞானிகள் அதைப் பயன்படுத்தி இன்ஜின்களை மறுபடி எரியவைத்தார்கள். விக்ரம் சுமார் 40 செ.மீ. எழும்பி, 30-40 செ.மீ. தள்ளி இன்னொரு முறை இறங்கியது. கால்கள் அப்போதும் நின்றன.